வெள்ளைக்காரரின் வலது கண்

எல்லோரும் அவரை வெள்ளைக்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். ஆள் நல்ல கறுப்பு. இருபத்திரண்டு வருடம் கரியோடு கரியாகப் புழங்கியதில் நகக்கண்ணும் காதுமடலும் கழுத்து மடிப்பும் இன்னும் ஒரு சுற்றுக் கறுத்திருந்தன. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் பெயரைக் கேட்டுவிட்டு ஆளைத் தேடுவார்கள்; ஆளைக் கண்டதும் சிரிப்பார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். பெயர் வந்தது தோலால் அல்ல, வாயால்.

பதினேழு சாயப்பட்டறைகளின் கழிவுத் தண்ணீர் வந்து சேருகிற சுத்திகரிப்பு நிலையத்தில் அவர் ஆபரேட்டர். தண்ணீர் சிவப்பாக வரும், கருநீலமாக வரும், சில நாள் இரண்டும் கலந்து பெயர் சொல்ல முடியாத நிறத்தில் நுரைத்துக்கொண்டு வரும். சுண்ணாம்பு போட்டுக் கலக்கி, சேறு படியவிட்டு, மணலில் வடித்து, கடைசியாக மூன்று இரும்புக் கோபுரங்களில் நிரப்பியிருக்கும் கரிக்குள் இறக்குவார்கள். மூன்றாவது கோபுரத்தின் அடியில் ஒரு சின்னக் குழாய். அங்கேதான் அவருடைய மேஜை. மேஜைமேல் ஒரு வெள்ளைப் பீங்கான் ஓடு, முழங்கை நீளத்துக்கு ஒரு கண்ணாடிக் குழல். குழலில் தண்ணீரைப் பிடித்து ஓட்டின்மேல் நிறுத்தி, இடது கண்ணை மூடிக்கொண்டு வலது கண்ணால் மேலிருந்து பார்ப்பார். உள்ளங்கையில் அள்ளிப் பார்த்தால் எந்தத் தண்ணீரும் தண்ணீர்தான். நிறம் ஆழத்தில்தான் இருக்கும். அத்தனை ஆழத்துக்குக் கீழேயும் ஓடு ஓடாகவே தெரிந்தால் தண்ணீர் தேறிவிட்டது என்று அர்த்தம்.

வால்வுக்காரர் அந்தக் கோடியில் சக்கரத்தில் கையை வைத்துக்கொண்டு கத்துவார்: "வெள்ளையா?"

"வெள்ளை!"

சக்கரம் சுற்றும். தண்ணீர் கால்வாய்க்குப் போகும். ஒரு நாளைக்கு மூன்று தடவை. தண்ணீருக்கு ஏது வெள்ளை, ஓட்டுக்குத்தானே வெள்ளை என்று அங்கே யாரும் யோசித்ததில்லை. பதிவேட்டிலும் 'நிறம்' என்ற கட்டத்தில் அவர் கையெழுத்தில் அதே சொல்தான், பக்கம் பக்கமாக. உப்பு, அமிலம், கசடு இதையெல்லாம் வெளியே ஓர் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிப் பார்த்தார்கள். நிறம் மட்டும் போகிற வழியில் மாறிவிடுமாம். அதனால் பிடித்த இடத்திலேயே பார்த்து எழுத வேண்டும் என்று விதி. பார்க்கிற கண் அவருடையது.

அந்தக் கண்மேல் அவருக்கே ஒரு மரியாதை இருந்தது. இளவயதில் சாயத்தொட்டியில் வேலை பார்த்தவர். நனைந்த நூலைப் பார்த்தே, காய்ந்தால் என்ன நிறத்துக்கு வரும் என்று சொல்லிவிடுவார். "இவன் கண்ணுல தராசு வச்சுப் பொறந்திருக்கான்" என்பார் பட்டறை முதலாளி. கைத்தோல் வெடித்து ஆறாத புண்ணானதும், சாயம் ஏற்றுகிற வேலையை விட்டுவிட்டுச் சாயம் இறக்குகிற வேலைக்கு வந்தார். செய்த பாவத்தைக் கழிக்க வந்திருக்கிறேன் என்று விளையாட்டாகச் சொல்வார்.

கோபுரத்துக்குள் இருந்த கரி முன்பெல்லாம் தூளாக இருந்தது. பாதி தண்ணீரோடு போய்விடும், மீதி காற்றோடு அவர் மூக்குக்குப் போகும். நான்கு வருடத்துக்கு முன்னால் வந்த கெமிஸ்டம்மா அதை மாற்றினார். கொட்டை ஓடுகளைச் சுட்டுக் கரியாக்கி, இரும்புப் பொடியும் களிமண்ணும் சேர்த்துப் பிசைந்து, சின்னச் சின்ன உருண்டையாக வேகவைத்து எடுத்தார். பார்க்க மிளகு மாதிரியே இருந்தது. பெயரும் மிளகு என்றே ஆகிவிட்டது. உடைந்து உதிர்ந்தாலும் காந்த உருளையை வைத்து இழுத்துவிடலாம், தண்ணீரில் போகாது.

"ஒரு கைப்பிடி மிளகை எடுத்து, அதுக்குள்ள இருக்கிற ஓட்டையெல்லாம் பிரிச்சு விரிச்சா, இந்த வளாகம் முழுக்கப் போர்த்தலாம் அண்ணே" என்று கெமிஸ்டம்மா முதல் நாள் சொன்னபோது அவர் நம்பவில்லை. முதல் கோபுரத்தில் இறக்கிய சிவப்புத் தண்ணீர் மூன்றாவது கோபுரத்தில் ஓட்டைக் காட்டியபோது நம்பினார்.

மிளகைப் பற்றிப் பேசும்போது அங்கே எல்லோரும் ஓர் ஆளைப் பற்றிப் பேசுகிற மாதிரிதான் பேசுவார்கள். புதிதாகக் கொட்டினால் பசியோடு இருக்கிறது. சில மாதம் போனால் வயிறு நிறைந்துவிட்டது. நிறைந்த பிறகும் மாற்றாமல் விட்டால் கக்கும். கக்குவது என்றால் சும்மா இல்லை. உள்ளே வந்ததைவிடக் கெட்டியாகக் கக்கும். அதில் முதலில் வெளியே வருவது மஞ்சள். ஏன் மஞ்சள் என்று அவர் கேட்டார்.

"பஸ்ஸு மாதிரிதான் அண்ணே. சிவப்பும் நீலமும் பெரிய உடம்புக்காரங்க. ஏறினா நெருக்கி உக்காந்துடுவாங்க. மஞ்சள் ஒல்லி. கூட்டம் சேர்ந்தா முதல்ல எந்திரிச்சு இறங்கறது ஒல்லிதான்."

ஆக, மஞ்சள் தட்டியதும் மிளகை மாற்ற வேண்டும். வழக்கமாக ஐந்து மாதத்துக்கு ஒருமுறை மஞ்சள் தட்டும். இந்தத் தடவை கொட்டிய மிளகு எட்டு மாதம் தாங்கியது. பத்து மாதம் தாங்கியது. பதினான்காவது மாதமும் வெள்ளை. மிளகுக்கு இன்னும் பசி அடங்கவில்லை என்று எல்லோரும் மெச்சினார்கள். கெமிஸ்டம்மா தலைமை அலுவலகத்துக்கு அறிக்கை எழுதினார். அங்கிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. அதைச் சட்டம் போட்டு மேனேஜர் அறையில் மாட்டினார்கள்.

நிலையத்திலிருந்து கால்வாய் ஓரமாகவே அரைமணி நேரம் நடந்தால் பதினொரு வீடுகள் வரிசையாக இருக்கும். அதில் ஏழாவது வீடு அவர் தங்கச்சியுடையது. பதினாறு வயது இளையவள். அவர் தூக்கி வளர்த்தவள். கல்யாணமாகிப் பத்து வருடம் கழித்துப் போன வருடம்தான் ஒரு பெண் குழந்தை பிறந்தது. அந்த வரிசைக்குப் பொதுவாக ஒரு கிணறு. தூள் கரிக் காலத்தில் கால்வாய்த் தண்ணீர் ஊறிக் கிணறு ரோஜா நிறத்தில் இருந்தது. ஜனங்கள் பெருந்தெருக் குழாய்க்கு சைக்கிளில் குடத்தைக் கட்டிக்கொண்டு போனார்கள். மிளகு வந்து ஒரு வருடத்தில் கிணறு தெளிந்தது. ஆனாலும் யாரும் குடிக்கத் துணியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் கண்ணாடிக் குழலையும் ஓட்டையும் பையில் போட்டுக்கொண்டு போனார். கிணற்று மேடையில் வைத்துப் பார்த்தார். வெள்ளை என்றார். பிறகு குழலோடு தூக்கி, பதினொரு வீட்டுக்காரர்களும் பார்க்க, மடமடவென்று குடித்தார்.

"எங்க அண்ணன் வெள்ளைன்னு சொன்னா வெள்ளை" என்று தங்கச்சி அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள். சைக்கிள்கள் நின்றன. அந்த நாளைய தண்ணீர் வெள்ளையாகத்தான் இருந்தது. அதில் சந்தேகமில்லை.

கண்ணில் கோளாறு இருப்பதை முதலில் கண்டுபிடித்தவர் அவர் மனைவி.

"என்னங்க, ஜன்னல் திரை என்ன நிறம்?"

"வெள்ளை. ஏன்?"

"சந்தனம். கடைக்காரன் சந்தனம்னு எழுதியே குடுத்திருக்கான். ஊருக்கெல்லாம் நிறம் சொல்ற ஆளு, வீட்டுல கோட்டை விட்டுட்டீங்களே."

பல்ப் மங்கல் என்றார். பல்பை மாற்றினாள். ஜன்னலில் புழுதி என்றார். துடைத்தாள். கடைசியில் ஒரு நாள் கறுப்பு நூலை எடுத்து நீலச் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டு அவர் வேலைக்குக் கிளம்ப, அவள் வாசலில் குறுக்கே நின்றுவிட்டாள். "இன்னைக்கு நிலையத்துக்குப் போக வேண்டாம். கண் டாக்டர்கிட்ட போறோம்."

இரண்டு கண்ணிலும் புரை. டாக்டர் விளக்கை அடித்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "எத்தனை நாளா இப்படி?"

"இப்பத்தான் சார். ஒரு மாசம் இருக்கும்."

"மாசக் கணக்குல வர்றது இல்லையே இது. உங்க கண்ணுக்குள்ள இருக்கிற லென்ஸ் கொதிச்ச டீத்தண்ணி நிறத்துல இருக்கு. கொஞ்சம் கொஞ்சமா ஏறும். உங்களுக்கே தெரியாது. உலகமே அந்த நிறம்னு நினைச்சுக்குவீங்க."

வலது கண்ணில் முதலில் ஆபரேஷன் செய்யுங்கள், அதுதான் என் வேலைக் கண் என்று அவர் கேட்டுக்கொண்டார். மூன்று வாரம் வேலைக்குப் போகக் கூடாது, குனியக் கூடாது, ஓடக் கூடாது என்றார்கள். அந்த மூன்று வாரத்துக்கு நிலையத்தில் என்ன செய்வது? நிறம் அளக்கும் மெஷின் ஒன்றை வாங்கி வைத்தார் மேனேஜர். விடுப்பில் போவதற்கு முந்தின நாள் கெமிஸ்டம்மா ஒரு கண்ணாடிப் பாட்டிலை நீட்டி, நல்ல வெள்ளையாகப் பார்த்து இதில் பிடித்துக் கொடுங்கள் அண்ணே என்றார். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. பிடித்து, மூடி, ஒட்டுத்தாளில் 'வெள்ளை' என்று எழுதிக் கொடுத்தார். தன் கையெழுத்து கொஞ்சம் கோணிக்கொண்டு போனதை அன்றைக்குக் கவனித்தார்.

கட்டுப் பிரித்த அன்று காலை வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தார். சுவர் வெள்ளையாக இருந்தது. அவர் அறிந்த வெள்ளையாக அல்ல; நீலம் முக்கி எடுத்த துணி மாதிரி, கண்ணைக் கூசவைக்கிற வெள்ளை. வலது கண்ணை மூடி இடது கண்ணால் பார்த்தால் அதே சுவர் பழைய காகிதமாக இருந்தது. மாற்றி மாற்றி மூடித் திறந்தார்.

"என்னங்க, சுவரைப் பாத்துக் கண்ணடிக்கிறீங்க?" என்றாள் மனைவி.

"நீ சொன்னது சரிதான். திரை சந்தனம்தான்."

அவள் சிரித்தாள். அவரும் சிரிக்கப் போனார். பாதியில் என்னவோ நினைவுக்கு வந்து சிரிப்பு நின்றுவிட்டது. அது என்னவென்று அப்போது அவருக்குத் தெளிவாகப் பிடிபடவில்லை. பல்லிடுக்கில் மாட்டிக்கொண்ட நார் மாதிரி பன்னிரண்டு நாள் உறுத்திக்கொண்டே இருந்தது.

பதின்மூன்றாவது நாள் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தங்கச்சி வீட்டுக்குப் போனார்.

"வாங்க ஹீரோ சார்! ஷூட்டிங் முடிஞ்சுதா?" என்றாள் தங்கச்சி. குழந்தை அவள் இடுப்பில் இருந்தது. அவரைக் கண்டதும் கண்ணாடியைப் பிடுங்கக் கையை நீட்டியது. கழற்றிக் கொடுத்தார்.

வெயில் பளிச்சென்று வீட்டுக்கு முன்னால் விழுந்திருந்தது. கொடியில் குழந்தையின் துணிகள், சதுரம் சதுரமாக, ஒரு பத்துப் பன்னிரண்டு. எல்லாம் மஞ்சள். அழுத்தமான மஞ்சள் இல்லை. யாரோ ஒவ்வொன்றின் மேலும் பழைய மூச்சை ஊதிவிட்ட மாதிரி. வலது கண்ணை மூடினார். வெள்ளைத் துணிகள். திறந்தார். மஞ்சள்.

"இதெல்லாம் என்ன நிறம்மா வாங்கினது?"

"வெள்ளைதான். ஏன் கேக்கற, உன் மாப்பிள்ளையும் அதையேதான் சொல்றாரு. மூணு தண்ணியில அலசறேன், போக மாட்டேங்குது. நான் பயந்துபோயி போன மாசம் ரத்தம் எடுத்துக்கூடப் பாத்துட்டோம். மஞ்சக் காமாலையா இருக்குமோன்னு. ஒண்ணும் இல்லன்னுட்டாங்க. ஈரல் நல்லா இருக்காம்." குழந்தையின் கன்னத்தில் இடித்தாள். "இவளுக்கு ஒண்ணும் இல்ல. துணிக்குத்தான் காமாலை."

சுவரோரம் குழந்தையைக் குளிப்பாட்டுகிற பிளாஸ்டிக் தொட்டி. கிணற்றிலிருந்து சேந்தி, விளிம்பு வரைக்கும் நிரப்பி, சூடேற வெயிலில் வைத்திருந்தாள். அவர் பக்கத்தில் போய் மேலிருந்து பார்த்தார். இருபத்திரண்டு வருடப் பழக்கத்தில் இடது கண் தானாக மூடிக்கொண்டது.

"தொட்டி பழசாயிடுச்சுண்ணா. மஞ்சள் பூத்துடுச்சு பாரு" என்றாள் தங்கச்சி, அவர் கேட்காமலே.

அவள் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு பால் புட்டியைக் குலுக்கினாள். மாவுப் பால். வெந்நீரில் கரைத்தது.

"என்ன தண்ணிம்மா அது?"

"கிணத்துத் தண்ணிதான். காய்ச்சித்தான் குடுக்கறேன், பயப்படாத."

அவர் கை நீண்டு புட்டியைத் தட்டிவிட்டது. புட்டி உருண்டு, மூடி கழன்று, பால் மண்ணில் ஓடியது. குழந்தை அழுதது.

"அய்யோ, என்னண்ணா!"

"கண்ணு இன்னும் சரியாத் தெரியலம்மா" என்றார். பல வருடத்தில் முதல் தடவையாக எல்லாம் சரியாகத் தெரிந்த நாளில் அப்படி ஒரு பொய்யைச் சொன்னார். பிறகு, முகத்தைப் பார்க்காமல், "இன்னைக்கு ஒரு நாள் பெருந்தெருக் குழாய்த் தண்ணி குடு" என்றார்.

"ஏன்?"

"சும்மாதான்."

தங்கச்சி குழந்தையைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே அவரை நிமிர்ந்து பார்த்தாள். அண்ணன் சும்மா எதையும் சொல்கிறவர் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். ஆனாலும் மறுபடி கேட்கவில்லை. அவர் ஒரு காலி பாட்டிலில் கிணற்றுத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு புறப்பட்டார். சொல்லியிருக்க வேண்டும். கால்வாய் ஓரம் நடக்கும்போது ஒவ்வோர் அடிக்கும் அது அவருக்கு உறைத்தது. முதலில் நிச்சயப்படுத்திக்கொள்ளலாம், ஒருவேளை புதுக் கண்ணின் கோளாறாக இருக்கலாம் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

நிலையத்தில் அவர் மேஜைமேல் ஓடும் குழலும் தூசி படிந்து கிடந்தன. குழலைக் கழுவி மூன்றாவது கோபுரத்துத் தண்ணீரைப் பிடித்தார். பார்த்தார். அடியில் ஓடு இல்லை. ஒரு மஞ்சள் சதுரம் இருந்தது. புது மிளகு எப்போது கொட்டினோம் என்று விரல் விட்டு எண்ணினார். பதினைந்து மாதம்.

ஆய்வறையில் கெமிஸ்டம்மா மெஷினுக்கு முன்னால் இருந்தார். "வாங்கண்ணே! கண்ணு பளிச்சுனு இருக்கே. இன்னும் ஒரு வாரம் லீவு இருக்குமே?"

"மெஷின் என்ன சொல்லுதும்மா?"

"உங்களையே சொல்லுது. தினமும் பூஜ்யம். உங்க கண்ணும் மெஷினும் அண்ணன் தம்பி."

"பூஜ்யம்னா எதை வச்சுப் பூஜ்யம்?"

கெமிஸ்டம்மா சிரித்துக்கொண்டே அலமாரியைக் காட்டினார். "மெஷினுக்கு முதல்ல ஒரு சுத்தமான தண்ணியக் காட்டி, இதுதான் பூஜ்யம்னு சொல்லிக் குடுக்கணும். தண்ணி காய்ச்சி வடிக்கிற கருவி இன்னும் வரல. அதான் உங்ககிட்ட…" அவர் கை பாட்டிலைத் தொட்ட இடத்தில் சிரிப்பு நின்றது. ஒட்டுத்தாளில் கோணிய எழுத்தில் 'வெள்ளை' என்றிருந்தது.

இரண்டு பேரும் அந்தப் பாட்டிலைப் பார்த்தார்கள். ஆய்வறை மூலையில் அலுவலர்கள் குடிக்கிற கேன் தண்ணீர் இருந்தது. கெமிஸ்டம்மா அதிலிருந்து ஒரு குப்பி பிடித்து, மெஷினுக்குக் காட்டி, இதுதான் பூஜ்யம் என்று சொல்லிக்கொடுத்தார். பிறகு 'வெள்ளை' பாட்டில் தண்ணீரை வைத்தார். முப்பத்தெட்டு. இன்றைய தண்ணீர். அதுவும் முப்பத்தெட்டு. அவர் தங்கச்சி வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினார். இருபத்தாறு.

"இது எங்க பிடிச்சது அண்ணே?"

அவர் "காய்ச்சினா போகுமா?" என்று கேட்டார்.

"காய்ச்சினா தண்ணிதான் போகும். சாயம் அப்படியே இருக்கும். இன்னும் கெட்டியாகும்." கெமிஸ்டம்மா நாற்காலியில் உட்கார்ந்தார். "நான் அறிக்கை அனுப்பியிருக்கேன் அண்ணே. பதினாலு மாசம் தாங்குதுன்னு. மிளகு தாங்கவே இல்ல. எப்பவோ கக்க ஆரம்பிச்சிருக்கு."

"நீங்க ஒரு தடவைகூடக் குழல்ல பாக்கலியா?"

"நீங்க இருக்கும்போது நான் எதுக்குப் பாக்கணும்?"

அது குற்றச்சாட்டாக வரவில்லை. உள்ளதைச் சொன்னார். அதனால்தான் அவருக்குச் சுருக்கென்றது.

மேனேஜர் வந்தார். விவரம் கேட்டார். கத்தவில்லை. கத்துகிற ஆள் இல்லை அவர். வெள்ளைக்காரரின் தோளில் கை வைத்து மேஜை வரைக்கும் கூட நடந்து வந்தார்.

"எங்க மாமனாருக்கும் இதே ஆபரேஷன். முடிச்சுட்டு வந்து, என் சட்டை நீலம், உன் பல்லு மஞ்சள்னு வீட்டுல ஒரே கலாட்டா. ஒரு மாசத்துல எல்லாம் அடங்கிப்போச்சு. புதுக் கண்ணு அப்படித்தான்."

"மெஷினும் சொல்லுது சார்."

"மெஷின் நேத்து வரைக்கும் வேற சொல்லுச்சே. எதை நம்பறது? தண்ணி காய்ச்சி வடிக்கிற கருவி வரட்டும், முறையாப் பாப்போம். மாத்தணும்னா மிளகை மாத்துவோம், நான் வேண்டாம்னு சொல்லல. ஆனா இன்னைக்குத் தேக்கத் தொட்டி விளிம்புல நிக்குது. பதினேழு பட்டறையும் திறந்துவிட்டாச்சு. இங்க நிறுத்தினா அங்க சாயம் அவங்க வாசலுக்கே ஏறும்." தோளை லேசாக அழுத்தினார். "இடது கண்ணு இன்னும் பழைய கண்ணுதானே? அதுல பாருங்க."

சொல்லிவிட்டு இரண்டடி தள்ளி நின்றார்.

வெள்ளைக்காரர் குனிந்தார். குனியக் கூடாது என்று டாக்டர் சொன்னது நினைவுக்கு வந்தது. வலது கண்ணை மூடி, இடது கண்ணால் குழலுக்குள் பார்த்தார். வாழ்நாளில் ஒரு தடவையும் அந்தக் கண்ணால் குழலைப் பார்த்ததில்லை. அடியில் ஓடு தெரிந்தது, சமர்த்தாக, பழகின வெள்ளையில். இத்தனை மாதம் பார்த்த அதே ஓடு. அந்தச் சொல்லை இப்போது சொன்னால் அது பொய்கூட இல்லை.

கோடியிலிருந்து வால்வுக்காரர் கத்தினார்: "வந்துட்டீங்களாண்ணே! வெள்ளையா?"

அவர் கண்ணை மாற்றினார்.

"மஞ்சள்."

"என்னது?"

"மஞ்சள்!"

வால்வுக்காரர் சிரித்தார். லீவு முடிந்து வந்த ஆள் தமாஷ் பண்ணுகிறார் என்று நினைத்தார். சிரித்து முடித்தும் பதில் வராததால் சக்கரத்திலிருந்து கையை எடுக்கவும் இல்லை, சுற்றவும் இல்லை. அந்தச் சொல்லுக்கு என்ன செய்வது என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. "திறக்கவா, வேண்டாமாண்ணே?"

"திறக்காத."

மேனேஜர் அவரைப் பார்த்தார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "போய் ரெஸ்ட் எடுங்க. இன்னும் ஒரு வாரம் லீவு இருக்கு" என்றார், முன்போலவே மெதுவாக.

வெள்ளைக்காரர் கேட்டைத் தாண்டிக் கால்வாய்ப் பாதைக்கு வந்தார். வெயில் சாயத் தொடங்கியிருந்தது. கால்வாயின் அடியில் காலையில் விட்ட தண்ணீரின் மிச்சம் திட்டுத் திட்டாகக் கிடந்தது. இந்தத் தடவை சொல்லிவிட வேண்டும். வாசலில் நின்றபடியே சொல்லிவிட வேண்டும், உள்ளே போய் உட்கார்ந்தால் வாய் அடைத்துவிடும் என்று சொற்களை அடுக்கிக்கொண்டே நடந்தார்.

பாதி தூரத்தில் பின்னால் ஒரு சத்தம் கேட்டது. உலர்ந்த இலைகளை யாரோ கூட்டிக்கொண்டு வருவது போல. திரும்பிப் பார்த்தார். கால்வாயின் அடியில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. முன்னால் ஒரு முழ உயரத்துக்கு நுரை, அதில் சருகும் குச்சியும், பின்னால் தண்ணீர், அவசரமில்லாமல். அவர் பக்கத்தில் வந்து, கொஞ்ச நேரம் அவரோடு கூடவே நடந்து, பிறகு அவரைத் தாண்டிக்கொண்டு போனது.

யார் வெள்ளை என்று சொன்னார்கள்? அவருக்குப் பின்னால் அந்த மேஜையில் யார் குனிந்தார்கள்? யாரும் குனிந்திருக்க வேண்டாம் என்று பட்டது. அந்தச் சக்கரத்தைச் சுற்ற ஒரு கை போதும். இருபத்திரண்டு வருடமும் தன் சொல்லுக்குத்தான் அது திறக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

ஓடக் கூடாது. வேகமாக நடந்தார். தண்ணீர் இன்னும் வேகமாக நடந்தது. முதல் வீட்டை அவர் எட்டியபோது அது பதினோராவது வீட்டைக் கடந்திருந்தது.

தங்கச்சி கிணற்றடியில் இருந்தாள். கயிறு சகடையில் கிறீச்சிட்டது. குழந்தை பக்கத்தில் பாயில் உட்கார்ந்து அவருடைய கறுப்புக் கண்ணாடியைக் கடித்துக்கொண்டிருந்தது. காலையில் மறந்துவிட்டுப் போயிருக்கிறார்.

"என்னண்ணா மறுபடியும்? இப்படி வேர்த்திருக்கு?"

"கயித்தை விடும்மா."

"ஏன்?"

"தண்ணி வெள்ளை இல்ல."

கயிறு அவள் கையில் பாதியில் நின்றது. வாளி கிணற்றுக்குள் சுவரில் இடித்தது. "நீதானே சொன்ன" என்றாள்.

அவர் சுவரோரம் போனார். குளியல் தொட்டி காலையில் வைத்த மாதிரியே விளிம்பு வரைக்கும் நிறைந்து நின்றது. "இது என்ன நிறம், சொல்லு."

"அதான் சொன்னேனே. தொட்டி மஞ்சள் பூத்துடுச்சு."

அவர் விளிம்பைப் பிடித்துத் தொட்டியைக் கவிழ்த்தார். தண்ணீர் மண்ணில் பரவி அவள் கால்வரைக்கும் வந்து இறங்கியது. பிறகு வெறும் தொட்டியை நிமிர்த்தி, உள்பக்கம் அவளுக்குத் தெரியும்படி தூக்கிப் பிடித்தார். உள்ளே வாங்கின நாளில் இருந்த மாதிரி, கூசும்படி, வெள்ளையாக இருந்தது.

தங்கச்சி தொட்டியைப் பார்த்தாள். கொடியில் இருந்த துணிகளைப் பார்த்தாள். பிறகு குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள், யாரோ பறித்துக்கொண்டு போக வந்தது போல இறுக்கி. அவள் கத்துவாள் என்று அவர் எதிர்பார்த்தார். கத்தவில்லை.

"எப்பருந்துண்ணா?"

அவர் வாயைத் திறந்தார். பதிவேட்டில் தன் கையெழுத்தில் வரிவரியாக நின்ற சொல் கண்முன் வந்தது. எந்த வரி வரைக்கும் அது உண்மை, எந்த வரியிலிருந்து அது மஞ்சள்? மனதுக்குள் பக்கம் பக்கமாகப் புரட்டினார். எல்லா வரியும் ஒரே மாதிரி இருந்தன.

வேலிக்கு அந்தப் பக்கம் கால்வாய் நிறைந்துகொண்டிருந்தது.

"சொல்லுண்ணா. இவ பொறக்கறதுக்கு முன்னாடியா, அப்புறமா?"